சாஃப்ட்வேர் டிசைனை எழுதி வைத்தால் புள்ளி, பேட்ஜ், பரிசு: ஆறு வாரம் நடத்திப் பார்த்தோம், இனி என்ன செய்வது?

முகப்புத்திண்ணை:

வணக்கம். காரைக்குடியில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் டீம் லீடாக இருக்கிறேன். செக்காலை ரோட்டுப் பக்கம் ஒரு பழைய வீட்டின் முன்கட்டுதான் எங்கள் ஆபீஸ். மொத்தம் பதினான்கு பேர், அதில் கோடு (ப்ரோக்ராம்) எழுதுகிறவர்கள் ஒன்பது பேர். நகை அடகுக் கடைகளுக்கும் சின்ன ஃபைனான்ஸ்காரர்களுக்கும் வட்டி, ரசீது, ஏலக் கணக்கு போடுகிற சாஃப்ட்வேர் செய்கிறோம்.

வட்டிப் பகுதியை முதலில் எழுதியவர் சில வருடம் முன்பு பெங்களூரு போய்விட்டார். இப்போது அதில் கை வைக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான், நாங்கள் எல்லோரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். போன தை மாதம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் கோடைச் சுத்தம் செய்கிறேன் என்று இறங்கினான். ஓரிடத்தில் வெறுமனே 6 என்று ஓர் எண். ஏன் 6, எதற்கு 6, ஒரு வரி விளக்கம் கிடையாது. அதைத் தூக்கி செட்டிங்ஸ் பக்கத்துக்குக் கொண்டுபோய் 0 என்று வைத்துவிட்டான். டெஸ்ட் எல்லாம் பச்சை, நானும் பார்த்துவிட்டு சரி என்று விட்டுவிட்டேன் (என் தப்பும்தான்). மறுவாரம் ஒரு கடையில் நகை மீட்க வந்தவர்களுக்கெல்லாம் ரசீதில் ஒரு மாத வட்டி கூடுதலாக விழுந்து, கடை வாசலில் சண்டை, கடைக்காரர் போனில் போட்ட சத்தம் ஸ்பீக்கர் போடாமலே ஆபீஸ் முழுக்கக் கேட்டது. அண்ணன் அன்று லீவு, மகளுக்குக் காது குத்து. நாங்களே தேடிக் கண்டுபிடித்து 6-ஐத் திரும்ப வைத்தோம். ஆனால் அது ஏன் 6 என்பது அண்ணனுக்கும் தெரியவில்லை. "முன்னாடி இருந்தவர் வெச்சது, தொடாதேன்னார், நான் தொடலை" என்றார். அவ்வளவுதான்.

இதைக் கேட்டதும் எங்கள் முதலாளி ஏதோ மீட்டிங்கில் கேள்விப்பட்ட கேமிஃபிகேஷனை, அதாவது வேலையை விளையாட்டு மாதிரி ஆக்குவதை, கொண்டுவந்தார். விக்கியில் (ஆபீஸில் எல்லோரும் எழுதித் திருத்துகிற குறிப்புத் தளம்) ஒரு பக்கம் எழுதினால் 10 புள்ளி, படம் வரைந்தால் 15, திருத்தினால் 2. மாதம் முடிந்ததும் முதலிடத்துக்கு ஆயிரம் ரூபாய், கூடவே மெஸ்ஸில் எல்லோருக்கும் சாப்பாடு. சுவரில் டிவி மாட்டி, யாருக்கு எத்தனை புள்ளி என்று வரிசை காட்டுகிற லீடர்போர்டு வேறு. (ஒரு இடைச்செருகல்: முதலாளியின் அப்பா, நாங்கள் ஐயா என்போம், சாயங்காலம் காபிக்கு ஆபீஸ் வருவார். டிவியைப் பார்த்துவிட்டு, "கல்யாணமே ஆகாத பயலுகளுக்கு ஏதுய்யா புள்ளி?" என்று கேட்டார். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், நகரத்தாரில் கல்யாணம் ஆன தம்பதியைத்தான் ஒரு புள்ளி என்று கோயில் கணக்கில் எழுதுவார்கள், புள்ளி வரி என்றே உண்டு. இரண்டு நாள் அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம்.)

முதல் இரண்டு வாரம் திருவிழாதான். அப்புறம் பார்த்தால் ஒருவன் ஒரே விஷயத்தை ஒன்பது பக்கமாகப் பிரித்துப் போட்டிருக்கிறான். இன்னொருத்தி லாகின் திரைக்கு மட்டும் ஐந்து படம், லாகினில் வரைய என்ன இருக்கிறது? ஒருவன் காற்புள்ளி வைத்து எடுத்து வைத்து எடுத்து இரண்டிரண்டாகச் சேர்த்தான். இன்னொருவன் கோடை ஏஐக்குக் கொடுத்து வந்ததை அப்படியே ஒட்டினான். அந்த 6 பற்றியும் ஒரு பக்கம் வந்தது, "6 என்ற மதிப்பைக் கொண்டு சலுகை நாட்கள் கணக்கிடப்படுகின்றன" என்று. பொய் இல்லை. ஆனால் இதை வைத்து நான் என்ன செய்ய?

ஏன் இப்படிச் செய்தோம், வேறு எந்த வழியை ஏன் விட்டோம் என்று சொல்கிற பக்கம் ஒன்றுகூட இல்லை. அதை எழுதக்கூடிய ஒரே ஆளான அண்ணன் போர்டில் கடைசியில் நிற்கிறார், முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "நான் என்ன ஸ்கூல் பிள்ளையா" என்று ஒருநாள் கேட்டுவிட்டார்.

கேள்வி இதுதான். இதை மூட்டை கட்டிவிடலாமா, அல்லது 'ஏன்' என்பதற்குப் புள்ளி போட வழி இருக்கிறதா? யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள்.


ரஸ்தாக்காரன்:

ஊர் தேவகோட்டை ரஸ்தா, வேலை சென்னையில். பல்லவன் ரயிலில் உட்கார்ந்து தட்டுகிறேன், சிக்னல் போனால் பாதியில் நிற்கும், மன்னிக்கவும்.

நாங்களும் இதே கூத்தை ஆடியிருக்கிறோம், எங்களுக்கு மெஸ் சாப்பாடு மட்டும் கிடையாது. உங்கள் பசங்களைத் திட்டாதீர்கள், அவர்கள் விளையாட்டைச் சரியாகத்தான் விளையாடினார்கள். பக்கத்துக்குப் புள்ளி என்றீர்கள், பக்கம் கொடுத்தார்கள்.

பெரிய இடத்திலேயே இது நடந்திருக்கிறது. டிஜிட்டல் ஓஷன்காரர்கள் நடத்துகிற ஹாக்டோபர்ஃபெஸ்ட் தெரியுமல்லவா, அக்டோபரில் மற்றவர்களின் ப்ராஜெக்டுக்கு நான்கு புல் ரிக்வெஸ்ட் (என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள் என்கிற வேண்டுகோள்) போட்டால் அப்போது டி-ஷர்ட் கொடுத்தார்கள். 2020-இல் அது யூட்யூபில் பரவி, யார் யாரோ ஊர் பேர் தெரியாத ரெப்போக்களின் (ஒரு ப்ராஜெக்டின் கோடு இருக்கிற இடம்) ரீட்மீ என்கிற அறிமுகக் கோப்பில் போய் 'அற்புதமான ப்ராஜெக்ட்' என்று ஒரு சொல் சேர்த்து புல் ரிக்வெஸ்ட் அனுப்பி, பராமரிப்பவர்கள் அழாத குறை. சில நாட்களிலேயே விதியை மாற்றினார்கள், இனி விருப்பம் தெரிவித்த ரெப்போக்களில் போட்டால்தான் கணக்கு என்று. பாதிப்பு விழுந்த இடத்தைப் பாருங்கள், பெரும்பாலும் டாக்குமென்ட்தான். கோடில் தப்பு செய்தால் உடனே உடையும், ரீட்மீயில் என்ன கிறுக்கினாலும் எதுவும் உடையாது. அதனால் புள்ளிக்கு ஆசைப்படுகிறவன் முதலில் அங்கேதான் போவான்.

கோடு போட்டுவைக்கிற கிட்ஹப் தளத்தின் ப்ரொஃபைலில் முன்பு தொடர்ச்சியாக எத்தனை நாள் கமிட் (மாற்றத்தைப் பதிவு) போட்டாய் என்று ஒரு எண் காட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கல்யாண வீட்டிலும் லேப்டாப்பைத் திறந்த ஆட்களை எனக்குத் தெரியும். 2016-இல் அதை எடுத்துவிட்டார்கள், எனக்கு நிம்மதி.

ஆனால் புள்ளியே வேலைக்காகாது என்றும் சொல்ல முடியாது. ப்ரோக்ராமர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2008-இல் ஆரம்பித்து இத்தனை வருடம் ஓடியதற்குப் புள்ளி ஒரு காரணம்தானே. அங்கே எழுதியதற்காகப் புள்ளி இல்லை. இன்னொருவர் படித்து மேல் அம்புக்குறியை அழுத்தினால் 10, கேட்டவரே இதுதான் விடை என்று ஏற்றுக்கொண்டால் 15, மோசமாக இருந்தால் கழிவும் உண்டு. முதலில் ஒருவர் உண்மையாக மாட்டிக்கொண்டு ஒரு கேள்வி கேட்டிருப்பார். அதே ஆட்கள், அதே புள்ளி, 2016-இல் டாக்குமென்டேஷன் என்று தனிப் பகுதி திறந்தார்கள், அடுத்த வருடமே 2017-இல் மூடிவிட்டார்கள். மூடியதற்கு அவர்கள் பக்கம் பல காரணம் இருக்கும். என் கணக்கில் பெரிய காரணம், அங்கே கேட்ட ஆள் என்று யாரும் இல்லை. யாருக்காக எழுதுகிறோம் என்று தெரியாமல் எழுதினால் புள்ளிக்காகத்தான் எழுத வரும்.

அதனால் என் யோசனை, எழுதுகிறவனுக்குப் புள்ளி கொடுக்கிற அதிகாரத்தை டிவியிடமிருந்து பிடுங்கிப் படிக்கிறவனிடம் கொடுங்கள். விழுப்புரம் தாண்டியாச்சு, சிக்னல்


சும்மா_ஒரு_ஆள்:

இந்தக் காலத்தில் இன்னும் டாக்குமென்ட் எழுதுகிறீர்களா? கோடு இருக்கிறது, ஏஐ இருக்கிறது, கேட்டால் சொல்லப் போகிறது. எதற்கு இந்தத் தலைவலி.


முகப்புத்திண்ணை:

@சும்மா_ஒரு_ஆள் மேலே எழுதியதைப் படித்தீர்களா? ஏஐயிடம் கேட்டுத்தான் அந்த 6 பக்கம் வந்தது. கோடில் இல்லாத காரணத்தை அது எங்கிருந்து எடுக்கும்? இரண்டாவது தடவை கேட்டபோது 'தொழில்துறை வழக்கம்' என்று சொந்தமாகவே ஒரு காரணம் கற்பித்தது, அது இன்னும் ஆபத்து.

@ரஸ்தாக்காரன் ஊர் வந்து சேர்ந்ததும் மீதியை எழுதுங்கள். ஆனால் படிக்கிறவன் புள்ளி கொடுப்பது என்றால், ஒன்பது பேரில் நண்பனுக்கு நண்பன் போட்டுக்கொள்ள மாட்டானா?


பழைய_அடுத்தாள்:

நான் கோடு எழுதுகிறவன் இல்லை, கணக்கெழுதிப் பழகி அப்புறம் ஈஆர்பி (கம்பெனியின் கணக்கு, சரக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கிற சாஃப்ட்வேர்) நிறுவும் வேலைக்கு வந்து ரிட்டயர் ஆனவன். என் பெயரைப் பார்த்துச் சிலர் கேட்பார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன காலத்தில் செட்டியார் கடைகளில் முதலாளி ஊரில் இருப்பார், ரங்கூனிலோ பினாங்கிலோ கடையை நடத்துகிறவர் மேலாள், அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். என் ஐயா ஈப்போவில் அடுத்தாளாக இருந்தவர்.

மேலாளுக்கு வழக்கமாக மூன்று வருடத் தவணை. தவணை முடிந்தால் ஊர் திரும்பிவிடுவார், வேறொருவர் கப்பலேறி வந்து அதே கடையில் உட்கார வேண்டும். உங்கள் பாஷையில் சொன்னால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை லீட் டெவலப்பர் ராஜினாமா, அதுவும் கட்டாயமாக. போன் இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் கப்பல் தபால் போய் வரவே வாரக் கணக்கு. இருந்தும் கடை நடந்தது. எப்படி?

எங்கள் வீட்டு ட்ரங்குப் பெட்டியில் கொஞ்சம் பேரேடும் கொஞ்சம் கடுதாசியும் இருந்தன, பாதியைக் கரையான் தின்றுவிட்டது. பேரேட்டில் இன்னாருக்கு இவ்வளவு, இன்ன வட்டி, ஐந்தொகையில் எல்லாம் ஒத்துப்போகும். அதைப் பார்த்து ஒருவருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று தெரியும், ஏன் கொடுத்தார்கள் என்று தெரியாது. ஏன் என்பது கடுதாசியில் இருக்கும். இன்ன ஆளுக்கு ஜாமீன் கேட்காமல் கொடுத்தோம், போன வெள்ளத்தில் எல்லோரும் கைவிரித்தபோது அவர் ஒருவர்தான் சொன்ன தேதிக்குக் கட்டினார், அதனால் முகத்தைப் பார்த்துக் கொடுத்தது என்று ஐயா ஒரு கடுதாசியில் எழுதியிருந்தார். அடுத்து வருகிற மேலாளுக்கு இந்த ஒரு வரி எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். அந்த வரி இல்லாவிட்டால் அவர் ஜாமீன் கேட்பார், அந்த ஆள் கோபித்துக்கொண்டு எதிர்க் கடைக்குப் போவார். உங்கள் தம்பி 6-ஐ எடுத்ததும் இதேதான்.

இதற்கு யாரும் பேட்ஜ் குத்தவில்லை. ஊரில் பட்டாலையில் உட்கார்ந்து முதலாளி அதைப் படிப்பார், படித்துவிட்டு இதில் என்ன, அதில் என்ன என்று பதில் கேட்டு எழுதுவார். படிக்கிற ஆள் நிச்சயம், கேட்பது நிச்சயம். அதனால் எழுதினார்கள். உங்கள் விக்கியை யார் படிக்கிறார்கள்? உங்கள் முதலாளி ஒரு பக்கமாவது படித்தாரா, இல்லை டிவியில் எண்ணை மட்டும் பார்த்தாரா? கோபித்துக்கொள்ள வேண்டாம், தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

இன்னொன்று. கணக்கு ஏட்டில் தப்பாகப் போனதை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதலாம், பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. விக்கியில் பசங்கள் பழசை அழித்துவிட்டுப் புதுசு எழுதுகிறார்கள், அப்போது ஏன் மாற்றினோம் என்பதும் சேர்ந்தே போய்விடுகிறது. இதையும் கவனியுங்கள்.


கலவைக்கை:

அடுத்தாள் ஐயா சொன்னதைப் படித்துவிட்டுத்தான் எழுத வந்தேன். ஆராய்ச்சி மாணவி, எங்கள் வீடு ஆத்தங்குடி, கல் போடுகிற குடும்பம். ஆத்தங்குடிக் கல் செய்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கண்ணாடியின் மேல் அச்சை வைத்து ஒவ்வொரு கட்டத்திலும் நிறம் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே சிமென்டும் மணலும் போட்டு அழுத்தி, காயவைத்துத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பார்கள். அந்தக் கண்ணாடியால்தான் முகத்தில் அந்தப் பளபளப்பு. அச்சைப் பார்த்தால் பூ எப்படி வரும் என்று யாருக்கும் தெரியும். மழைக்காலத்தில் கலவையில் தண்ணீரை எவ்வளவு குறைக்க வேண்டும் என்பது அச்சில் இல்லை, எங்கள் சித்தப்பாவின் கையில் இருக்கிறது. உங்கள் கோடு அந்த அச்சு மாதிரி.

டென்மார்க்கைச் சேர்ந்த கணினி அறிஞர் பீட்டர் நவுர் 1985-இல் ஒரு கட்டுரையில் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். ப்ரோக்ராம் என்பது எழுதியவர்களின் தலைக்குள் இருக்கிற புரிதல், அவர்கள் கலைந்து போனால் கோடும் காகிதமும் மிச்சம் இருந்தாலும் அந்த ப்ரோக்ராம் செத்த மாதிரிதான் என்று. எழுதி முழுசாகக் காப்பாற்றிவிடலாம் என்று அவர் நம்பவில்லை. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன், ஆனால் எதை எழுத வேண்டும் என்பதில் கறாராக இருக்க அது ஒரு காரணம்.

புள்ளி விஷயத்துக்கு வருகிறேன். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று பேர் நர்சரிக் குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள குழந்தைகள். ஒரு கூட்டத்திடம் வரைந்தால் தங்க நட்சத்திரம் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு கூட்டத்துக்குச் சொல்லாமல் கடைசியில் கொடுத்தார்கள். மூன்றாவது கூட்டத்துக்கு ஒன்றுமில்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து யாரும் சொல்லாமல் பேனாவை மேசையில் வைத்துப் பார்த்தால், முன்கூட்டியே பரிசு பேசப்பட்ட குழந்தைகள் மற்றவர்களைப் போலப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். சொல்லாமல் பரிசு வாங்கியவர்களுக்கு ஆசை குறையவில்லை. உங்கள் அண்ணன் ஸ்கூல் பிள்ளையா என்று கேட்டாரே, அது கோபம் மட்டும் இல்லை. இதுவரை கேட்டவர்களுக்கெல்லாம் சும்மா சொல்லிக்கொடுத்தவர் அவர். அதற்கு 10 புள்ளி என்று விலை போட்டுவிட்டீர்கள், அதுவும் காற்புள்ளி வைத்தவனுக்குக் கீழே.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். இந்த வகைச் சோதனைகள் பலவற்றையும் சேர்த்து டெசி, கோஸ்ட்னர், ரயன் 1999-இல் பார்த்தபோது, ஆசையாகச் செய்கிற வேலையில்தான் பரிசு இப்படி ஆசையைக் கெடுக்கிறது என்று வந்தது. சலிப்பான வேலையில் அந்தக் கெடுதல் தெரியவில்லை. ஆகவே செத்துப்போன லிங்க்கைத் திருத்துவது, பக்கத்துக்குத் தேதி போடுவது, பழைய பெயரை மாற்றுவது, இதற்கெல்லாம் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள், ஒரு வெள்ளிக்கிழமை மதியம் சிரித்துக்கொண்டே முடித்துவிடுவார்கள். 'ஏன்' என்பதை மட்டும் அந்த டிவியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அப்படியானால் அதை எப்படி எழுத வைப்பது? ஜோனாதன் கிரூடின் 1988-இல் சொன்ன ஒரு விஷயம் எனக்கு எப்போதும் உதவும். குழுவாக வேலை செய்வதற்கான மென்பொருள்கள் ஏன் தோற்கின்றன என்று பார்த்தவர் அவர். உழைப்பு ஒருவருக்கு, பலன் வேறொருவருக்கு என்று இருப்பது ஒரு முக்கியக் காரணம் என்றார். டிசைன் எழுதுவது அப்படியே அதுதான். அண்ணன் எழுதினால் அண்ணனுக்கு ஒன்றும் இல்லை, அவருக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே! பலன் முழுக்கப் புதிதாக வருகிற தம்பிக்கு. அப்படியானால் எழுதுகிற வேலையைத் தம்பியிடம் கொடுங்கள். அவன் மாட்டிக்கொண்ட இடத்தில் 'ஏன்' என்று ஒரு டிக்கெட் (பதில் வரும்வரை திறந்திருக்கிற கேள்விப் பதிவு) திறக்கட்டும், போய் அண்ணனைக் கேட்கட்டும், தனக்குப் புரிந்த மாதிரி ஒரு பக்கம் எழுதட்டும். அண்ணன் படித்துவிட்டு, ஆமாம், இல்லை, இதை விட்டுவிட்டாய் என்று மட்டும் சொல்லட்டும். தப்பாக எழுதியதைத் திருத்தாமல் சும்மா இருக்க எந்த சீனியராலும் முடியாது, இது ஆராய்ச்சி முடிவு இல்லை, என் சொந்த அனுபவம்.

வடிவத்துக்கு மைக்கேல் நைகார்ட் என்ற ப்ரோக்ராமர் 2011-இல் எழுதிவைத்த முறை போதும், ஏடிஆர் (டிசைன் முடிவுகளின் பதிவு) என்பார்கள். ஒரு முடிவுக்கு ஒரு சின்ன கோப்பு, ஒன்றிரண்டு பக்கம்தான். தலைப்பு, அப்போதைய நிலைமை, எடுத்த முடிவு, அது இப்போதும் செல்லுமா, அதனால் வரப்போகிற நல்லது கெட்டது, அவ்வளவே. விக்கியில் இல்லாமல் கோடு இருக்கிற ரெப்போவிலேயே வரிசை எண் போட்டு வைப்பார்கள். முடிவு மாறினால் பழைய கோப்பை அழிப்பதில்லை, இது இன்ன எண்ணால் மாற்றப்பட்டது என்று குறித்துவிட்டுப் புதுசு எழுதுவார்கள். ஐயா சொன்ன கிழிக்காத ஏடுதான்.

நண்பனுக்கு நண்பன் புள்ளி போடுவான் என்று கேட்டீர்கள். லைக் பட்டன் வைத்தால் போடுவான். அதற்குப் பதில், பின்னால் வேறொரு வேலையின் புல் ரிக்வெஸ்டில் யாராவது அந்தக் கோப்பைச் சுட்டிக்காட்டினால் அது பயன்பட்டது என்று எண்ணிக்கொள்ளுங்கள். அதையும் ஆள் பெயருக்குப் போடாமல் கோப்பின் பெயருக்குப் போடுங்கள். எந்தப் பக்கம் அதிகம் உதவியது என்று பார்க்கலாம், யார் பெரியவன் என்று பார்க்க வேண்டாம்.


ரஸ்தாக்காரன்:

ஊர் வந்து சேர்ந்தேன், வெள்ளைப் பணியாரம் சாப்பிட்டாகிவிட்டது. கலவைக்கை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், எங்களிடம் மிஞ்சிய ஒரே விளையாட்டு இதுதான், மற்றதெல்லாம் செத்துவிட்டது. மாதம் ஒரு காலை, விஷயம் தெரிந்த ஆள் ஆபீஸில் இருப்பார், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. வேண்டுமென்றே ஓரிடத்தை உடைத்துவைப்போம். எழுதி வைத்திருப்பதை மட்டும் படித்து மற்றவர்கள் மதியச் சாப்பாட்டுக்குள் சரிசெய்ய வேண்டும். எங்கே முட்டி நிற்கிறார்களோ அந்த இடம்தான் அடுத்து எழுத வேண்டியது. புள்ளி, பேட்ஜ் எதுவும் வேண்டாம், ஜெயித்தோமா தோற்றோமா என்பதே போதும். ஒரே எச்சரிக்கை, நிஜக் கடையின் டேட்டாவில் விளையாடிவிடாதீர்கள்.


சும்மா_ஒரு_ஆள்:

வாயைத் திறக்காமல் உட்கார எங்கள் சீனியருக்கு முதலில் பயிற்சி வேண்டும்.


முகப்புத்திண்ணை:

ஏழெட்டு வாரம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தேனா தெரியவில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

டிவியை எடுப்பதுதான் கஷ்டமாக இருந்தது. முதலாளிக்கு மனசில்லை, காசு போட்டு வாங்கியது. கடைசியில் சர்வர் நிலவரம் காட்ட வைத்துக்கொண்டோம், முதலாளிக்கும் திருப்தி. பழைய அடுத்தாள் ஐயா கேட்ட கேள்வியை அப்படியே அவரிடம் கேட்டேன், எத்தனை பக்கம் படித்தீர்கள் என்று. சிரித்தார், பதில் வரவில்லை.

செத்த லிங்க் வேட்டைக்கு மட்டும் புள்ளி வைத்து ஒரு வெள்ளிக்கிழமை நடத்தினோம். ஜோராக நடந்தது, மெஸ் சாப்பாடும் உண்டு. காற்புள்ளிக்காரன்தான் முதலிடம், அவனுக்கு ஏற்ற வேலை அதுதான்.

வாய் திறக்காத காலையை இரண்டு தடவை செய்துவிட்டோம். முதல் தடவை நாங்கள் தோற்றோம், படுதோல்வி. ஏலத் தேதி கணக்கை உடைத்துவைத்திருந்தேன், ஒருவராலும் முடியவில்லை. ஆனால் பார்க்க வேண்டியது அண்ணனின் முகத்தைத்தான். பதினொரு மணிக்கு எழுந்து வாசலுக்குப் போனார், திரும்ப வந்தார், நெற்றியில் கை வைத்தார், ஒரு கட்டத்தில் காகிதத்தில் ஏதோ எழுத ஆரம்பித்தார். சைகை காட்டுகிறார் என்று பிடுங்கப் போனேன். பார்த்தால் ஏலத் தேதி எப்படி வருகிறது, முன்பு எந்த முறையை முயன்று ஏன் விட்டார்கள் என்று இரண்டு பக்கம். ஆறு வாரம் புள்ளி காட்டி வராதது அன்று ஒரு காலையில் வந்தது, நாங்கள் தடுமாறுவதைப் பார்க்கச் சகிக்காமல். இரண்டாவது தடவை அந்தப் பக்கத்தை வைத்தே ஜெயித்தோம். அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று இல்லை. பாதிப் பேர் 'ஏன்' டிக்கெட் திறக்கவே கூச்சப்படுகிறார்கள், கேட்டால் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களாம். அதற்கு இன்னும் வழி தெரியவில்லை, நானே வாரத்துக்கு ஒன்று திறந்துகொண்டிருக்கிறேன்.

அந்த 6-க்கு வருகிறேன். எடுத்துப்போட்ட தம்பிதான் டிக்கெட் திறந்தான். அண்ணனுக்குத் தெரியவில்லை, பெங்களூருவில் இருப்பவரைக் கேட்டால் "நம்ம முதல் கஸ்டமர் கேட்டாருப்பா, ஞாபகம் இல்லை" என்றார். தம்பி விடாமல் பஸ் ஏறி அந்தக் கடைக்கே போய்விட்டான். கடையில் இருந்த பெரியவர் சொன்னாராம், சுற்றுப்பட்டிச் சனங்கள் வாரச்சந்தைக்கு மட்டும்தான் டவுனுக்கு வருவார்கள், நகையை மீட்பதும் அன்றுதான். தவணை முடிவது சந்தைக்கு மறுநாள் என்றால் அடுத்த சந்தை வரை அவர்கள் வர மாட்டார்கள். அதற்குள் மாதம் தாண்டிவிட்டது என்று ஒரு மாத வட்டி போட்டால் அடுத்த தடவை வேறு கடைக்குப் போய்விடுவார்கள். அதனால் அடுத்த சந்தை நாள் வரைக்கும் சலுகை. தவணை சந்தைக்கு மறுநாள் முடிந்தால் அடுத்த சந்தைக்கு இன்னும் ஆறு நாள், அதற்கு மேல் போகாது. அதுதான் 6.

அதைவிட வேடிக்கை, எங்கள் சாஃப்ட்வேர் இப்போது ஓடுகிற கடைகளில் பாதி இருக்கும் இடத்தில் அப்படிச் சந்தையே கிடையாது, அந்தக் கடைகளிலும் இத்தனை வருடமாக ஆறு நாள் சலுகை கொடுத்துக்கொண்டிருக்கிறோம், ஒருவரும் கேட்கவில்லை. இப்போது கடைக்குக் கடை மாற்றுகிற மாதிரி செய்கிறோம், ஒவ்வொரு கடைக்காரரையும் கேட்டுவிட்டுத்தான்.

தம்பி எழுதிய கோப்பு ரெப்போவில் ஏழாம் எண். முதலாளி ப்ரிண்ட் எடுத்து வைத்திருந்தார். சாயங்காலம் முதலாளியின் அப்பா காபியோடு அதை முழுசாகப் படித்துவிட்டு, சந்தை விஷயம் சரிதான், ஆனால் 'மீட்பதற்க்கு' என்று இரண்டு இடத்தில் ஒற்று தப்பாக விழுந்திருக்கிறது என்றார். திருத்தியாயிற்று.